இலவச அறையின் விலை

1966 நவம்பர் கடைசியில் அமெரிக்கப் பெருஞ்செல்வர் ஹோவர்ட் ஹ்யூஸ் ரயிலில் லாஸ் வேகாஸ் வந்து இறங்கினார். விடியும் முன்பே, யார் கண்ணிலும் படாமல் அவரை டெசர்ட் இன் ஹோட்டலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மேல் இரண்டு தளங்களையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார். கூட வந்த உதவியாளர்களில் பெரும்பாலோர் மோர்மன் சமயத்தவர்கள், குடிப்பதுமில்லை, சூதாடுவதுமில்லை. ஹ்யூஸும் கீழே இறங்கி வந்து எந்த மேசையிலும் உட்காரவில்லை. புத்தாண்டு நெருங்க நெருங்க ஹோட்டல் முதலாளிகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரிய கை சூதாடிகள் வரப்போகிறார்கள், சூட் எனப்படும் அந்தப் பெரிய சொகுசு அறைகள் அவர்களுக்கு வேண்டும், காலி செய்யுங்கள் என்று நெருக்கினார்கள். அவர் காலி செய்யவில்லை. 1967-இல் ஏறத்தாழ 1 கோடியே 32 லட்சம் டாலர் கொடுத்து ஹோட்டலையே வாங்கிவிட்டார். 1970 நவம்பரில் ஊரைவிட்டுப் போகும்வரை அந்த மாடியிலேயே இருந்தார்.

இதை ஒரு விசித்திர மனிதரின் கதையாகத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். முதலாளிகளின் பக்கம் நின்று பார்த்தால் இதில் வேறொரு செய்தி இருக்கிறது. அறைக்கு வாடகை கொடுத்துவிட்டு அமைதியாகத் தங்கியிருக்கும் விருந்தாளி உலகின் எந்த ஹோட்டலுக்கும் வரம். கேசினோ ஹோட்டலில் மட்டும் அவரால் நஷ்டம் வந்தது. அங்கே சிறந்த அறைகள் வாடகைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. கீழே ஆடுகிறவர் மேலே தூங்கி எழுந்து மறுபடியும் கீழே வர வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டவை.

நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. தொடக்கத்தில் அது டவுன்டவுன் தெருக்களில் இருந்த சூதாட்டக் கடைகளோடு நின்றது. 1941-இல் தாமஸ் ஹல் என்ற ஹோட்டல்காரர் ஊருக்கு வெளியே, லாஸ் ஏஞ்சலிஸ் போகும் நெடுஞ்சாலையில் எல் ராஞ்சோ வேகாஸைத் திறந்தார். நீச்சல் குளம், சாப்பாட்டுக் கூடம், தங்கும் குடில்கள், நடுவில் கேசினோ. இன்று ஸ்ட்ரிப் என்று உலகம் அறிந்திருக்கும் சாலையின் முதல் ரிசார்ட் அதுதான். அறையும் ஆட்டமும் ஒரே வளாகத்தில் ஏன் இருக்க வேண்டும் என்பதை, ஐந்து ஆண்டு கழித்து ஃபிளமிங்கோ நஷ்டப்பட்டுக் காட்டியது.

பக்ஸி சீகல் என்ற நிழல் உலகப் புள்ளி 1946 டிசம்பர் 26 அன்று ஃபிளமிங்கோவின் கேசினோவைத் திறந்தபோது அறைகள் கட்டி முடிந்திருக்கவில்லை. வந்தவர்கள் ஆடினார்கள், ஜெயித்தார்கள், பணத்தை எடுத்துக்கொண்டு வேறு ஹோட்டல்களுக்குத் தூங்கப் போனார்கள். சூதாட்டத்தில் எந்த ஒரு மணி நேரத்திலும் ஆடுபவர் ஜெயித்திருக்கலாம். நேரம் நீள நீளத்தான் கணிதம் கேசினோ பக்கம் சாயும். ஜெயித்தவர் அதே கூரையின் கீழ் தங்கினால் மறுநாள் அந்தப் பணம் திரும்பி வரும். அறை இல்லாத கேசினோவுக்கு அந்த மறுநாள் கிடைக்கவில்லை. நஷ்டம் தாங்காமல் ஜனவரியிலேயே அதை மூடி, அறைகள் தயாரான பிறகு மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். பிறகு லாபம் வந்தது. சீகல் அதை அனுபவிக்கவில்லை. 1947 ஜூனில் பெவர்லி ஹில்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த அறைகள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1950-களில் ஸ்ட்ரிப் மேடைகளில் பாடி ஆடி அரங்கை நிரப்பிய சாமி டேவிஸ் ஜூனியர், நாட் கிங் கோல் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் அதே ஹோட்டலில் பெரும்பாலும் தலைசாய்க்க முடியாது. ஊரின் மேற்குப் பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் நடத்திய தங்கும் வீடுகளுக்குத்தான் போக வேண்டும். 1955-இல் எல்லா இனத்தவரும் சேர்ந்து தங்கக்கூடிய மூலான் ரூஜ் திறந்தது. சில மாதங்களிலேயே மூடிவிட்டது. ஆனால் அந்தக் கட்டடத்தில்தான் 1960 மார்ச்சில் கறுப்பினத் தலைவர்களும் ஹோட்டல் முதலாளிகளும் அதிகாரிகளும் கூடி, ஸ்ட்ரிப்பில் இனப் பாகுபாட்டைக் கைவிட உடன்பட்டார்கள். மாபெரும் ஊர்வலம் நடத்தப்போவதாகக் கறுப்பினத் தலைவர்கள் விடுத்த எச்சரிக்கை முதலாளிகளை அந்த மேசைக்குக் கொண்டுவந்தது. ஆடுவதற்கு வருகிறவரின் கூட்டத்தை நம்பியிருக்கும் ஊரில் அதைவிட வலுவான ஆயுதம் இருந்திருக்க முடியாது.

இனி இலவச அறைக்கு வருவோம். கேசினோ வழக்கில் இதற்குக் காம்ப் என்று பெயர். அறை, சாப்பாடு, நிகழ்ச்சிச் சீட்டு, சில நேரம் விமான டிக்கெட் என்று கேசினோ தரும் உபசாரம் எல்லாம் இதில் அடங்கும். பார்ப்பதற்குத் தாராள மனம் போல இருக்கும். உள்ளே இருப்பது கறாரான ஒரு பெருக்கல் கணக்கு. ஒருவர் சராசரியாக வைக்கும் பந்தயம், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்தில் கேசினோவுக்கு இருக்கும் சாதகம் எத்தனை சதவீதம் – இந்த நான்கையும் பெருக்கினால் வருவது அவர் தோற்பார் என்று எதிர்பார்க்கப்படும் தொகை. உண்மையில் அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்பது இந்தக் கணக்கில் இரண்டாம்பட்சம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பூஜ்யங்கள் உள்ள அமெரிக்க ரூலட் மேசையில் கேசினோவின் சாதகம் 5.26 சதவீதம். ஒருவர் ஒவ்வொரு சுழற்சிக்கும் 25 டாலர் வைக்கிறார். மணிக்கு 40 சுழற்சி. நாளுக்கு 4 மணி நேரம் வீதம் 3 நாள். மொத்தம் 480 சுழற்சி, 12,000 டாலர் பந்தயம். எதிர்பார்க்கப்படும் இழப்பு ஏறத்தாழ 631 டாலர். இதில் 30 சதவீதத்தை உபசாரமாகத் திருப்பித் தருவது என்று வைத்துக்கொண்டால் 189 டாலர். வாரநாளில் ஸ்ட்ரிப்பில் அந்தத் தொகைக்கு ஓர் அறை கிடைத்துவிடும். விருந்தாளி ஊருக்குத் திரும்பி "அறை இலவசமாகக் கொடுத்தார்கள்" என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார். கணக்குப்படி அறைக்கு அவர் கொடுத்தது வாடகையைப் போல மூன்று மடங்குக்கு மேல்; ரசீது மட்டும் இல்லை.

பக்கரா மேசையில் கேசினோவின் சாதகம் ஏறத்தாழ 1 சதவீதம்தான். ஆனால் அங்கே ஓர் ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் பந்தயம் வைக்கிறவர்கள் உட்காருவார்கள். வேகாஸில் இவர்களைத் திமிங்கலங்கள் என்பார்கள். ஒரு வார இறுதியில் இவர்களில் ஒருவர் வந்துபோவதே ஹோட்டலின் காலாண்டுக் கணக்கை அசைக்கும். எம்ஜிஎம் கிராண்ட் 1999-இல் திறந்த தி மேன்ஷன் என்ற பகுதி இவர்களை மனதில் வைத்துக் கட்டியது. 29 வில்லாக்கள், தனி வாசல், தனிச் சமையல்காரர்கள். 2019-இல் பாம்ஸ் ஹோட்டல், கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் வடிவமைத்த சூட் ஒன்றை இரண்டு இரவுகளுக்கு 2 லட்சம் டாலர் என்று அறிவித்தபோது உலகப் பத்திரிகைகள் வாய்பிளந்தன. அப்படிப்பட்ட விலைப்பட்டியல் ஒரு விளம்பரப் பலகை. அந்தப் பணத்தைக் கட்டித் தங்குகிறவர் அபூர்வம். போதுமான அளவுக்குப் பந்தயம் வைக்கிறவருக்கு அது காம்ப்.

திமிங்கலங்களைச் சுற்றித்தான் கதைகள் அதிகம். தொழிலை நிமிர்த்தியவர்கள் வேறு ஆட்கள். ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் ஆசிரியராக இருந்த கேரி லவ்மன் 1998-இல் ஹாராஸ் நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்து, வாடிக்கையாளர் அட்டையில் சேர்ந்திருந்த தரவுகளைக் குடைந்தார். வருகிறவர்களில் 26 சதவீதம் பேர் வருமானத்தில் 82 சதவீதத்தைத் தருகிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் தனி விமானத்தில் வரும் செல்வர்கள் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், மருத்துவர்கள், தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள். ஸ்லாட் இயந்திரத்தின் முன்னால் அட்டையைச் செருகிவிட்டு மாலை நேரத்தைக் கழிப்பவர்கள். அன்றிலிருந்து, தொலைபேசியில் அறை கேட்கிறவருக்கு என்ன வாடகை சொல்வது என்பதை அவருடைய அட்டை எண் தீர்மானிக்கத் தொடங்கியது. ஒரே நாளில், ஒரே மாடியில், அடுத்தடுத்த கதவுகளுக்கு வெவ்வேறு விலை. ஒருவருக்கு 300 டாலர், பக்கத்து அறைக்காரருக்குப் பூஜ்யம்.

இந்த இடத்தில் ஒரு மனிதரின் பிடிவாதம் தொழிலின் திசையைத் திருப்பியது. ஷெல்டன் அடெல்சன், பாஸ்டனில் டாக்சி ஓட்டுநரின் மகன். காம்டெக்ஸ் என்ற கணினிக் கண்காட்சியை 1979-இல் லாஸ் வேகாஸில் தொடங்கிப் பெரும்பணம் சம்பாதித்தவர். சூதாட்டக்காரர்கள் வெள்ளி, சனிக்கிழமைகளில் ஊரை நிறைப்பார்கள். திங்கள் முதல் வியாழன் வரை அறைகள் காற்று வாங்கும். மாநாட்டுக்கு வருகிறவர்களோ வாரநாளில் வருவார்கள், வாடகையை அவர்களுடைய கம்பெனி கட்டும். அவர்கள் அதிகம் ஆட மாட்டார்கள் என்பதால் பழைய முதலாளிகளுக்கு அவர்கள்மீது பெரிய பிரியம் இல்லை. அடெல்சன் அவர்களையே நம்பினார். தான் வாங்கிய சாண்ட்ஸ் ஹோட்டலை ஒட்டி 1990-இல் மாநாட்டு மையம் கட்டினார். 1996-இல், ஒருகாலத்தில் ஃபிராங்க் சினாட்ரா பாடிய அந்த ஹோட்டலை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு அதே இடத்தில் வெனீஷியனை எழுப்பினார். 1999 மே மாதம் திறந்த அந்த ஹோட்டலில் இருந்த 3,036 அறைகளும் சூட்கள். சாதாரண அறை என்று ஒன்றுகூட இல்லை.

அந்த சூட்டுக்குள் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அடெல்சனின் வாதம் முழுவதும் அந்தத் தரையில் எழுதப்பட்டிருக்கிறது. மிகச் சிறியதே சுமார் 650 சதுர அடி. வழக்கமான ஓர் அமெரிக்க ஹோட்டல் அறையைப் போல இரண்டு மடங்கு. கதவைத் திறந்ததும் பளிங்குத் தரை, பக்கவாட்டில் இரண்டு கை கழுவும் தொட்டிகளும் தனிக் குளியல் தொட்டியும் உள்ள குளியலறை. அதைத் தாண்டினால் படுக்கைப் பகுதி. அங்கிருந்து சில படிகள் கீழே இறங்கினால் பள்ளமாக அமைத்த வரவேற்புப் பகுதி. வளைந்த சோபா, நாற்காலிகளோடு ஒரு மேசை, திறந்த சாளரம் போல நகரத்தைக் காட்டும் கண்ணாடிச் சுவர். இரண்டுக்கும் நடுவில் தாழ்வான கைப்பிடிக் கம்பி. 1999-இல் ஒவ்வொரு சூட்டிலும் தொலைநகல் இயந்திரம் இருந்தது. வியாபாரம் பேச வந்த ஒருவர், படுக்கையின் விளிம்பில் வாடிக்கையாளரை உட்காரவைக்காமல், நான்கு பேரை அழைத்து மேசையில் பேசி முடிக்கலாம். சூதாடிக்கு இந்த இடவசதி வீண். அவர் அறையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதே பழைய வேகாஸின் நோக்கம். பழைய ஹோட்டல்களில் அறை சிறியதாகவும் தொலைக்காட்சி மட்டமாகவும் இருந்தால் விருந்தாளி சீக்கிரம் கீழே போவார் என்று நம்பினார்கள். அடெல்சன் அறையையே விற்பனைப் பொருளாக்கினார்.

அவர் பக்கம் காலமும் இருந்தது. ஸ்டீவ் வின் 1989-இல் 63 கோடி டாலரில் மிராஜையும் 1998-இல் 160 கோடி டாலரில் பெல்லாஜியோவையும் கட்டி, ஆடாதவரும் பணம் செலவழிக்க வரும் ஊராக வேகாஸை மாற்றிக்கொண்டிருந்தார். நெவாடா சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குகளைப் பார்த்தால், 1980-களில் ஸ்ட்ரிப்பின் பெரிய கேசினோக்களுக்கு வந்த வருமானத்தில் பாதிக்கு மேல் சூதாட்டத்திலிருந்து வந்தது. வெனீஷியன் திறந்த 1999-ஐ ஒட்டி அது பாதிக்குக் கீழே இறங்கியது. பிறகு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நிலைகொண்டது. மிச்சம் அறை, உணவு, மது, நிகழ்ச்சிகள். சூதாட்டம் அறைக்குச் சோறு போட்ட காலம் போய், அறை சூதாட்டத்துக்கு ஈடாகச் சம்பாதிக்கும் காலம் வந்தது.

அந்த மாற்றத்தின் சுமை பில்லில் தெரியும். 2025 வரை, இணையத்தில் ஓர் இரவுக்கு 90 டாலர் என்று பார்த்துப் பதிவு செய்தவர் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதன்மேல் ரிசார்ட் கட்டணம் என்று 40, 50 டாலர் ஏறியிருந்தது. இணைய வசதி, உடற்பயிற்சிக் கூடம், உள்ளூர்த் தொலைபேசி அழைப்பு ஆகியவற்றுக்காம். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஸ்ட்ரிப் பகுதியில் 13.38 சதவீத அறை வரி தனி. அதில் 0.88 சதவீதம், ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு மைதானம் கட்ட 2016-இல் மாநிலம் ஒத்துக்கொண்ட 75 கோடி டாலருக்காகப் போகிறது; மைதானத்தை எட்டிப் பார்க்காதவரும் அதற்குச் செங்கல் வைக்கிறார். 2016-இலிருந்து எம்ஜிஎம் ஹோட்டல்களில் கார் நிறுத்தவும் காசு. பல சூட்களில் குளிர்பெட்டிக்குள் உணர்கருவி இருக்கிறது. குடிநீர்ப் போத்தலை எடுத்துப் பார்த்துவிட்டு உடனே திருப்பி வைக்காவிட்டால் அதுவும் பில்லில் ஏறிவிடும். விருந்தினரின் சொந்த மருந்தையோ பாலையோ வைக்க அதில் இடம் இருக்காது. குழந்தையோடு தங்குகிற குடும்பம் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம். கேட்டால் தனியாகச் சின்னக் குளிர்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தரும் ஹோட்டல்களும் உண்டு.

கட்டணங்களை ஒளித்துவைத்து விலையைக் குறைத்துக் காட்டும் வழக்கத்துக்கு அமெரிக்க மத்திய வணிக ஆணையம் கடைசியில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2025 மே 12 முதல் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த மொத்த விலையையே முதலில் காட்ட வேண்டும். கட்டணம் ஒழியவில்லை. ஒளிந்திருந்தது வெளியே வந்தது. அதுவே பெரிய காரியம்.

உயரமான மாடியில் காட்சி நன்றாக இருக்கும் சூட்டைக் கேட்டு வாங்குகிறவர்கள் ஒரு பழைய நாளை அறிந்திருக்க வேண்டும். 1980 நவம்பர் 21 காலை ஏழு மணிக்குச் சற்றுப் பிறகு, அன்றைய எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலின் தரைத்தள உணவகம் ஒன்றில் மின்கசிவால் தீப்பிடித்தது. கேசினோ தளம் சில நிமிடங்களில் எரிந்தது. இறந்தவர்கள் 85 பேர். அவர்களில் பெரும்பாலோர் தீயைப் பார்க்கவே இல்லை. பல மாடிகளுக்கு மேலே, படிக்கட்டுகள் வழியாகவும் லிஃப்ட் குழிகள் வழியாகவும் ஏறிய புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். படிக்கட்டுக்குள் நுழைந்ததும் பின்னால் கதவு பூட்டிக்கொண்டதால் சிக்கியவர்கள் உண்டு. தீப்பிடித்த அந்த உணவகத்தில் தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் இடம், தீ வந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று விலக்குக் கொடுத்திருந்தார்கள். பிறகு உணவகம் இரவில் மூடத் தொடங்கியது. விலக்கு மட்டும் தொடர்ந்தது. மூன்று மாதத்துக்குள் லாஸ் வேகாஸ் ஹில்டனிலும் தீ, 8 பேர் பலி. அதன் பிறகே பழைய உயர்மாடிக் கட்டடங்களிலும் நீர்த்தெளிப்பான் பொருத்த வேண்டும் என்று நெவாடா 1981-இல் சட்டம் இயற்றியது. இன்று சூட்டின் கூரையில் அங்கங்கே தெரியும் சிறு உலோகக் குமிழ்கள் அந்த உயிர்களின் விலையில் வந்தவை.

அவர்கள் அறிந்திருக்க வேண்டிய இரண்டாவது நாள் 2017 அக்டோபர் 1. மாண்டலே பே ஹோட்டலின் 32-ஆவது மாடி சூட்டிலிருந்து ஒருவன் எதிரே நடந்த திறந்தவெளி இசைவிழாக் கூட்டத்தின்மீது சுட்டான். அன்றே 58 பேர் இறந்தனர். காயங்களால் பின்னர் இறந்த இருவரையும் சேர்த்து இப்போது 60 என்று கணக்கிடுகிறார்கள். அவன் வீடியோ போக்கர் ஆடும் நீண்டநாள் வாடிக்கையாளன். சூட் அவனுக்குக் காம்பாகக் கிடைத்தது. பல நாட்களாகப் பெட்டி பெட்டியாக அவன் மேலே ஏற்றியவை ஆயுதங்கள் என்று யாரும் சந்தேகிக்கவில்லை. பெரிய வாடிக்கையாளரின் அறைக் கதவைத் தட்டக் கூடாது என்ற எழுதாத மரியாதை அதுவரை இருந்தது. பிறகு நிறுவனங்கள் விதிகளை மாற்றின. "தொந்தரவு செய்யாதீர்" அட்டை தொங்கினாலும் நாளுக்கு ஒருமுறை ஊழியர் உள்ளே வந்து பார்ப்பது என்று சீசர்ஸ் நிறுவனம் 2018-இல் அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு, மாண்டலே பேயை நடத்திய எம்ஜிஎம் தரப்பில் 80 கோடி டாலர் வரை வழங்க உடன்பாடு ஏற்பட்டது.

அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிற ஊழியர் யார்? பெரும்பாலும் பெண், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ எத்தியோப்பியாவிலிருந்தோ வந்து குடியேறியவர். சூட் பெரிதானபோது அவருடைய வேலை அதே அளவுக்குப் பெரிதானது. ஒரு தொட்டிக்குப் பதில் இரண்டு தொட்டி, சோபாவுக்குள் மடித்து வைத்த இன்னொரு படுக்கை, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. கனமான மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருகுவதில்தான் முதலில் தோளும் இடுப்பும் போகும்.

வேகாஸில் இந்தப் பெண்களுக்குக் குரல் கொடுத்தது கலினரி தொழிற்சங்கத்தின் 226-ஆவது கிளை. ஏறத்தாழ 60,000 உறுப்பினர்கள். அலபாமாவில் பிறந்த ஹாட்டி கேன்டி, கணவர் இறந்த பிறகு பிள்ளைகளைத் தனியாக வளர்க்க ஹோட்டல் அறைகளைத் துடைத்தவர். 1990-இல் அந்தச் சங்கத்தின் தலைவரானார். அவர் காலத்தில் நடந்த ஃபிரான்டியர் ஹோட்டல் வேலைநிறுத்தம் 1991 செப்டம்பரில் தொடங்கி 1998 தொடக்கம்வரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. வெளியேறிய சுமார் 550 பேரில் ஒருவர்கூட சங்கத்தை விட்டுக்கொடுத்து உள்ளே திரும்பவில்லை. அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் இப்படி இன்னொன்றைக் காட்டுவது கடினம்.

கொரோனா காலத்திலிருந்து சண்டை புதிய வடிவம் எடுத்தது. அறையைத் தினமும் சுத்தம் செய்யத் தேவையில்லை, விருந்தினர் கேட்டால் போதும் என்று ஹோட்டல்கள் நகரத் தொடங்கின. சுற்றுச்சூழல் நன்மை என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. தொழிலாளிக்கு இதன் பொருள் வேறு: ஆட்கள் குறைவு; மூன்று நாள் குப்பையும் அழுக்கும் சேர்ந்த சூட்டை அதே நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 2020-இல் நெவாடா தினசரிச் சுத்தத்தைச் சட்டமாக்கி, 2023-இல் அந்தச் சட்டத்தை நீக்கியது. அதே 2023 நவம்பரில் வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை போய், தினசரிச் சுத்தத்தைச் சங்கம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது. அதற்கு முந்தைய 2018 ஒப்பந்தத்தில் அறைக்குள் தனியாகப் போகும் பெண்களுக்கு ஆபத்து நேரத்தில் அழுத்தும் பொத்தான் கிடைத்திருந்தது. சங்கத்தைக் கடைசிவரை எதிர்த்த அடெல்சன் 2021-இல் காலமானார். அடுத்த ஆண்டு வெனீஷியன் கைமாறியது. 2024-இல், திறந்து 25 ஆண்டு கழித்து, அங்கே முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது.

அடெல்சனின் சூட் கணக்கு அதற்குள் ஆசியாவுக்குப் போய்விட்டது. 2007-இல் மக்காவ் வெனீஷியன், சுமார் 3,000 சூட்கள். 2010-இல் சிங்கப்பூரில் மரினா பே சாண்ட்ஸ். கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டியின் 55 மாடிக் கோபுரங்கள் மூன்று, மேலே கப்பல் போன்ற பூங்கா. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்குப் போகிற தமிழ்க் குடும்பங்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. அவர்களில் பலர் அந்தக் கட்டடத்தில் கேசினோ எங்கே இருக்கிறது என்று கவனித்திருக்க மாட்டார்கள். அப்படித்தான் அது திட்டமிடப்பட்டது.

வேகாஸில் பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போகும் வழி பெரும்பாலும் ஸ்லாட் இயந்திரங்களின் நடுவே போகும். காலை உணவுக்கு இறங்கினாலும் அதே வழி. சிங்கப்பூரில் அறைக் கோபுரங்கள் சாலையின் ஒரு பக்கம். கேசினோ மறுபக்கக் கட்டடத்துக்குள். ஆடும் பகுதிக்குச் சட்டம் 15,000 சதுர மீட்டர் என்று உச்சவரம்பு வைத்தது. கேசினோ வாசலில் கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை கேட்பார்கள். வெளிநாட்டவருக்கு நுழைவு இலவசம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்ட வேண்டும். 2019 வரை அது 100 ஆக இருந்தது. மேலே சூட்டில் தங்கியிருந்தாலும் இதிலிருந்து விலக்கு இல்லை. இன்னொன்று, இந்த ஏற்பாடுகளில் மிகவும் மனிதத்தன்மை உள்ளது: கணவரோ மகனோ சூதாட்டத்தால் குடும்பத்தைச் சீரழிக்கிறார் என்றால், குடும்பத்தார் விண்ணப்பித்து அவரை உள்ளே விடாதபடி தடை வாங்கலாம்.

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் நடுவில் தொழில் நொடிக்கவில்லை. 2025-இல் முடிந்த, 175 கோடி அமெரிக்க டாலர் செலவிலான புதுப்பிப்பில் அங்கே நடந்ததைக் கவனிக்க வேண்டும். 2,561 ஆக இருந்த அறைகள் சுமார் 1,850 ஆகக் குறைந்தன. 180-ஐ ஒட்டி இருந்த சூட்கள் 770-ஐத் தாண்டின. சுவர்களை இடித்து இரண்டு அறைகளை ஒன்றாக்கினார்கள். அடுத்து வரும் நான்காவது கோபுரம் சூட்களுக்கு மட்டுமே. குறைவான ஆட்கள், அதிகப் பணம் என்ற திசையில் கணக்கு போய்க்கொண்டிருக்கிறது.

தமிழும் பேசப்படும் நாடு ஒன்றின் பெருநகருக்கும் இந்தக் கணக்கு வந்துவிட்டது. கொழும்பில் ஜோன் கீல்ஸ் நிறுவனம் 120 கோடி டாலருக்கு மேல் செலவில் கட்டிய சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் வளாகத்தில் சினமன் லைஃப் ஹோட்டல் 2024-இலும், மெலக்கோ நிறுவனம் நடத்தும் கேசினோவும் நூவா ஹோட்டலும் 2025 ஆகஸ்டிலும் திறந்தன. நூவாவில் 113 அறைகள்தான். குறிவைப்பது யாரை என்பதை அந்தச் சிறிய எண்ணிக்கையே சொல்கிறது. தென்னிந்தியாவின் பெரிய கை சூதாடிகளுக்குக் கொழும்பு ஒரு மணி நேரத்துச் சொச்ச விமானப் பயணத்தில் இருக்கிறது.

அதே ஆண்டில் இலங்கை நாடாளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆணையம் நெவாடாவிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க பழக்கம் ஒன்று இருக்கிறது. கேசினோக்கள் எவ்வளவு மதிப்புக்கு அறையும் உணவும் மதுவும் இலவசமாகக் கொடுத்தன என்பதை அந்த மாநிலத்தின் வாரியம் ஆண்டறிக்கையில் தனித்தனியாக அச்சிட்டு வெளியிடுகிறது. ஆடுகிறவரிடமிருந்து எவ்வளவு வந்தது, அவரைத் திரும்ப வரவழைக்க எவ்வளவு செலவிட்டார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். கொழும்பின் 113 அறைகளுக்கும் அப்படியொரு கணக்கை அரசு கேட்டு வாங்கி, சிங்களத்திலும் தமிழிலும் வெளியிட வேண்டும்.